மலிவுக் கடையில் வாங்குவது தப்பா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சின்ன வியாபாரிகளுக்கு ஜி.எஸ்.டி. கணக்கு எழுதிக் கொடுப்பவன். அதற்கு முன்னால், பிளஸ் டூ முடித்த கையோடு, சென்னையில் ஒரு பலமாடி ஜவுளிக்கடையில் மூன்று வருடம் சேல்ஸ்மேனாக நின்றேன். ‘நின்றேன்’ என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் தெரிந்தவன் என்பதால் உறவுக்காரர்கள், வாடிக்கையாளர்கள், குடியிருப்பில் இருப்பவர்கள் என்று எல்லோரும் இதையே கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது. அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

1. அண்ணாச்சி கடைய விட்டுட்டுப் பெரிய கடைக்குப் போறது பாவமா சார்?

பாவமெல்லாம் இல்லை. ஒரு சம்பளத்தில் மாதத்தை ஓட்டுகிறவர் எங்கே இரண்டு ரூபாய் குறைவு என்று பார்க்கத்தான் செய்வார். ஆனால் ஒரு கடையில் விலை குறைகிறது என்றால் அந்தக் குறைந்த ரூபாயை யாரோ ஒருவர் விட்டுக்கொடுத்திருக்கிறார். சில சமயம் அது முதலாளியின் லாபம், சில சமயம் சரக்கு கொடுத்தவரின் லாபம், சில சமயம் வேலைக்கு நிற்பவரின் கால். எது என்று தெரியாமல் தப்பு, சரி என்று சொல்வது கஷ்டம். ஆகவே முதலில் அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

2. அவனுக்கு மட்டும் எப்படி இவ்வளவு கம்மியா கட்டுப்படியாகுது?

மளிகையில் டி-மார்ட்டை எடுத்துக்கொள்வோம். ராதாகிஷன் தமானி 2002-ல் மும்பை பொவாயில் முதல் கடையைத் திறந்தார். பெரும்பாலும் சொந்த இடத்தில்தான் கடை, அதனால் மாதா மாதம் வாடகை கிடையாது. அலங்காரம் குறைவு. சரக்கு கொடுக்கும் கம்பெனிக்குச் சில நாட்களிலேயே பணம் போய்விடும், அதற்காகக் கம்பெனி கூடுதல் கழிவு தரும். ரொக்கத்துக்கு எடுத்தால் ஒரு விலை, கடனுக்கு எடுத்தால் ஒரு விலை என்பது எந்தக் கொத்தவால்சாவடி வியாபாரிக்கும் தெரிந்த கணக்கு. இந்த வழியில் வருகிற மலிவில் எனக்கு ஒரு குறையும் இல்லை. புத்திசாலித்தனமான வியாபாரம்.

அடுத்த வகை, பேரத்தில் வருவது. பெரிய கம்பெனியின் சோப்புக்கு எந்தக் கடையும் ஓரளவுக்கு மேல் விலையை அடிக்க முடியாது. ஆனால் ஊறுகாய், அப்பளம், சீயக்காய்த் தூள் போடும் சின்ன யூனிட்காரரை அடிக்கலாம். ஷெல்ஃபில் இடம் வேண்டுமா, அதற்கு ஒரு தொகை. விற்காததைத் திருப்பி எடுத்துக்கொள். பணம் தொண்ணூறு நாள் கழித்து. என்னிடம் கணக்கு எழுதும் ஒருவர் இப்படித்தான் ஒரு சங்கிலிக் கடைக்குச் சப்ளை செய்து, விற்பனை ஏற ஏற வட்டிக்கு வாங்கும் கடனும் ஏறி, கடைசியில் விட்டுவிட்டார். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. யாரும் கண்டுகொள்ளவில்லை. இப்போது வருமான வரிச் சட்டத்தில், காலம் தாழ்த்தினால் அந்த வருடத்துச் செலவாகக் காட்ட முடியாது என்று ஒரு பிரிவைச் சேர்த்த பிறகுதான் ஆடிட்டர்கள் போன் செய்து விசாரிக்க ஆரம்பித்தார்கள்.

மூன்றாவது வகை ஆளிலும் கட்டடத்திலும் மிச்சம் பிடிப்பது. படிக்கட்டில் பண்டல் அடுக்குவது, கூடுதல் மாடி கட்டுவது, தீயணைப்பு வண்டி நுழைய இடம் விடாமல் இருப்பது எல்லாம் இதில் சேரும். தியாகராய நகரில் 2008 செப்டம்பரில் ஒரு பெரிய கடை தீப்பிடித்து ஊழியர்கள் 2 பேர் இறந்தார்கள். 2011 இறுதியில் ரங்கநாதன் தெருவில் விதிமீறல் கட்டடங்களுக்கு, கட்டட அனுமதி தரும் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் (சி.எம்.டி.ஏ.) சீல் வைத்தது. 2017 மே 31 அன்று அதே தியாகராய நகரில் ஒரு பலமாடி ஜவுளிக் கட்டடம் எரிந்து, பிறகு இடிக்கவே வேண்டியதாயிற்று. ஆடித் தள்ளுபடி விலைக்குள் இந்தக் கட்டடக் கணக்கும் ஒளிந்திருக்கலாம்.

3. எம்.ஆர்.பி.யைவிடக் கம்மின்னா எனக்கு லாபம்தானே?

சில பொருளில் ஆம். சர்க்கரை, எண்ணெய், பருப்பு போல எல்லோருக்கும் விலை தெரிந்த சரக்கை அடித்துப் போடுவார்கள், உங்களை உள்ளே வரவழைக்க. விலை மனதில் நிற்காத பிளாஸ்டிக் டப்பா, பிஸ்கட், துண்டு ஆகியவற்றில் அதை எடுத்துவிடுவார்கள். பொட்டலத்தில் கிராமுக்கு அல்லது கிலோவுக்கு என்ன விலை என்றும் அச்சிட வேண்டும் என்று விதி இருக்கிறது, அதைப் பாருங்கள். மற்றபடி இது நியாயக் கேள்வியே அல்ல, வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும்போது கையைக் கட்டிக்கொள்ளும் கேள்வி.

4. உட்கார்றதுக்குச் சட்டம் வந்துருச்சுன்னாங்க. இன்னும் ஏன் நிக்கிறாங்க?

2021 செப்டம்பரில் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். எல்லா ஊழியருக்கும் இருக்கை வசதி இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார விட வேண்டும் என்பது அதன் சாரம். நமக்கு முன்பே, 2018-ல், கேரளா இதைச் செய்தது. அதற்குக் காரணம் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடை வேலை பார்த்த பெண்கள். ‘பெண்கூட்டு’ என்ற பெயரில் கூடி, உட்காரவும் கழிப்பறை போகவும் உரிமை கேட்டு வருடக்கணக்கில் போராடினார்கள்.

நான் நின்ற காலத்தில் காலை ஒன்பதரைக்கு ஏறினால் இரவு பத்துக்கு இறங்குவோம். மதியச் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம், அதில் பாதி வரிசையில் போய்விடும். மூன்றாவது வருடம் எனக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டது, இன்றும் இருக்கிறது. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் ஒரு நல்ல சேலையின் விலைகூட வராது. அப்படியும் போடவில்லை. செலவுக்குப் பயந்து என்று நினைக்காதீர்கள். ஊழியர் உட்கார்ந்திருந்தால் கடை தூங்குகிற மாதிரித் தெரியும் என்று முதலாளிகளிடம் ஒரு நம்பிக்கை.

இப்போது பல கடைகளில் ஸ்டூல் இருக்கிறது. ஆனால் உட்கார்ந்தால் ஃப்ளோர் சூப்பர்வைசர் முறைப்பார். இன்னொன்றும் சொல்ல வேண்டும், கோபப்படாதீர்கள்: “நாம வந்தும் எந்திரிக்காம உக்காந்திருக்கா பாரு” என்று புகார் சொல்வது வாடிக்கையாளர்களில் ஒரு பகுதிதான். சட்டம் முதலாளியைத்தான் கட்டும். நம் வீட்டு அத்தைகளை நாம்தான் கட்ட வேண்டும்.

5. ஊர்ல வேலையே இல்லாத பிள்ளைங்க. அந்தக் கடையும் இல்லன்னா எங்க போவாங்க?

இது நியாயமான கேள்வி. கேலியாகக் கேட்கிறவர்களும் உண்டு, ஆனால் நான் கேலியாக எடுத்துக்கொள்வதில்லை. எங்கள் கடைப் பையன்கள் பெரும்பாலும் தெற்கத்தி மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். ஒரு ஹாலில் நாற்பது பாய், நான்கு கழிப்பறை, மூன்று வேளைச் சாப்பாடு. சம்பளம் குறைவுதான், ஆனால் செலவு இல்லாததால் முழுசாக வீட்டுக்குப் போகும். என் அக்கா கல்யாணக் கடனுக்கு முதல் வருடம் வட்டி கட்டியது அந்தப் பணம். அந்தக் கடையைத் திட்டும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும்.

அதனால் ‘மூடுங்கள்’ என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். வேலை கொடுத்தார் என்பதற்காக வார விடுமுறையைக் கேட்கக் கூடாதா? தமிழ்நாட்டுச் சட்டப்படி கடை ஊழியருக்கு ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம்தான் வேலை, அதற்கு மேல் போனால் ஓவர்டைம். வாரத்தில் ஒரு நாள் லீவு. அதை மட்டும் ஒழுங்காகக் கொடுத்தால்கூட நான் பாதிப் பேச்சை நிறுத்திக்கொள்வேன்.

6. சின்னக் கடைல மட்டும் என்ன வாழுது? அங்கேயும் சின்னப் பசங்க மூட்டை தூக்குறாங்களே

சரியாகப் பிடித்தீர்கள். பெரிய கடையைத் திட்டுகிறவர்கள் இதைச் சொல்லாமல் தாண்டிவிடுவார்கள். இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு பொதுவாக 10 பேர் வேலை பார்க்கும் இடத்துக்கு, பி.எஃப். சேமநிதி 20 பேருக்கு. மூன்று பையன்களை வைத்திருக்கும் மளிகைக்கடைக்கு இரண்டும் கிடையாது. அந்தப் பையன் கடைக்குள்ளேயே படுத்து, விடியற்காலை பால் பாக்கெட் இறக்கி, இரவு பதினொன்றுக்கு ஷட்டர் போடுவான். பெரிய கடையில் நின்ற எனக்காவது ஒரு இ.எஸ்.ஐ. அட்டை இருந்தது.

ஆனாலும் ஒரு வித்தியாசம் உண்டு. அண்ணாச்சியிடம் பொட்டலம் மடித்துத் தொழில் பழகிய பையன் பத்து வருடத்தில் தனிக்கடை போட்டதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவர்களில் நான்கு பேருக்கு நானே கணக்கு எழுதுகிறேன். பலமாடிக் கடையில் என்னோடு நின்றவர்களில் கடை முதலாளி ஆனவர் எனக்குத் தெரிந்து எவரும் இல்லை. அப்புறம் கடன் நோட்டு. சம்பளம் தள்ளிப்போன மாதம் வட்டியில்லாமல் அரிசி கொடுக்கிற ஏற்பாடு எந்தக் கம்ப்யூட்டர் பில்லிலும் இல்லை.

7. அண்ணாச்சி பில்லே தர்றதில்ல. அவர்கிட்ட வாங்கினா வரி ஏய்ப்புக்கு நான் துணை போறதா ஆகாதா?

இது என் தொழில் சம்பந்தப்பட்டது, நீட்டிவிடுவேன் என்று பயப்பட வேண்டாம். வருட விற்றுமுதல் 40 லட்சத்துக்குள் இருந்தால் சரக்கு விற்பவர் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவே செய்ய வேண்டியதில்லை. ஒன்றரைக் கோடி வரை ‘காம்போசிஷன்’ திட்டத்தில் சேர்ந்து விற்பனையில் 1% கட்டலாம், ஆனால் உங்களிடம் தனியாக வரி வசூலிக்கக் கூடாது. 200 ரூபாய்க்குள் வாங்கி, நீங்கள் கேட்காவிட்டால், பதிவு பெற்ற கடைகூட ஒவ்வொன்றுக்கும் பில் போட வேண்டியதில்லை. ஆகவே பில் இல்லை என்பதாலேயே திருட்டு என்று ஆகாது.

ஏய்ப்பவர்களும் இருக்கிறார்கள், இல்லை என்று சொன்னால் என் ரெஜிஸ்டர்கள் சிரிக்கும். 25 கிலோ வரை பொட்டலம் போட்ட அரிசிக்கு 5% வரி என்று 2022-ல் வந்ததும், சந்தையில் 26 கிலோ மூட்டை முளைத்தது. அதைச் செய்தது தெருமுனைக் கடைக்காரர் அல்ல, மில்காரர்கள். சட்டப்படி அது ஏய்ப்பும் அல்ல.

8. வால்மார்ட் வந்தா எல்லாக் கடையும் போயிடும்னாங்க. என்னாச்சு?

2012 செப்டம்பரில் மத்திய அரசு பல பிராண்டு சில்லறை வணிகத்தில் 51% அந்நிய முதலீட்டை அனுமதித்தது. முடிவு மாநிலங்கள் கையில் விடப்பட்டது. தமிழ்நாட்டில் விட மாட்டோம் என்று அப்போதைய முதல்வர் ஜெயலலிதா சொல்லிவிட்டார், வணிகர் சங்கங்களும் கடையடைத்தன. முன்வாசல் வழியாக வால்மார்ட் வரவில்லை. 2018-ல் சுமார் 1,600 கோடி டாலர் கொடுத்து ஃப்ளிப்கார்ட்டில் பெரும்பங்கை வாங்கி, போன் வழியாக எல்லார் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது. இதற்கிடையே உள்நாட்டுப் பெரிய கம்பெனிகள் தெருவுக்குத் தெரு கடை போட்டுவிட்டன. வெள்ளைக்காரனை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அமெரிக்காவில் இந்தக் கேள்வி ரொம்ப நாளாக ஓடுகிறது. 1962-ல் ஆர்கன்சா மாநிலத்தில் சாம் வால்டன் ஆரம்பித்த கடை இன்று உலகம் முழுக்க 20 லட்சம் பேருக்கு மேல் வேலை கொடுக்கிறது. 2020-ல் அந்நாட்டு அரசுத் தணிக்கை அலுவலகம் ஓர் அறிக்கை கொடுத்தது. வேலையில் இருந்துகொண்டே அரசின் உணவு உதவியும் மருத்துவ உதவியும் வாங்குபவர்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று பார்த்தால், ஆராய்ந்த மாநிலங்களில் முதல் சில இடங்களில் வால்மார்ட் பெயர் வந்தது. சம்பளத்தில் விட்ட குறையை அரசாங்கம் நிரப்புகிறது, அது மக்கள் கட்டும் வரி. 2-வது பதிலில் மூன்று வகை சொன்னேன், இதை நான்காவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

9. 199 ரூபாய்க்குச் சட்டை தர்றாங்க. அதை வாங்கினா அந்தத் தொழிலாளிக்கு வேலைதானே கிடைக்குது?

நூல், நெசவு, சாயம், தையல், பட்டன், வண்டி வாடகை, கடை வாடகை, இத்தனையும் 199-க்குள் அடங்க வேண்டும். எதுவோ ஒன்று வெளியே தள்ளப்பட்டிருக்கும். திருப்பூரில் அது பல வருடம் நொய்யல் ஆற்றுக்குள் தள்ளப்பட்டது. ஒரத்துப்பாளையம் அணையில் பாசனத் தண்ணீருக்குப் பதில் சாயத் தண்ணீர் நின்றது. விவசாயிகள் வழக்குப் போட்டு, 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகுதான் கழிவுநீரை முழுக்கச் சுத்திகரிக்கும் செலவு விலைக்குள் வந்தது.

தொழிலாளியின் பாதுகாப்பும் அப்படித்தான். வங்கதேசத்தில் 2013 ஏப்ரல் 24 அன்று துணி தைக்கும் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். அதன்பின் பல பிராண்டுகள் தொழிற்சாலைப் பாதுகாப்புக்காக, சட்டப்படி கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. வால்மார்ட் அதில் சேராமல் தனியாக வேறொரு அமைப்பில் சேர்ந்தது. நம் திண்டுக்கல்லில், 2021-ல் ஓர் இளம் பெண் தொழிலாளி கொல்லப்பட்ட பிறகு, பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் விடாமல் பேசி, 2022-ல் ஹெச் அண்ட் எம் என்ற துணி பிராண்டையும் அவர் வேலை பார்த்த தொழிற்சாலையையும், வேலையிடத்தில் பெண்கள் மீதான வன்முறையைத் தடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வைத்தது. வேலை கிடைக்கிறது என்பது உண்மைதான். ஆனால் என்ன மாதிரி வேலை என்பதை நீங்கள் வாங்கும் சட்டை தீர்மானிக்கவில்லை. சங்கமும் கோர்ட்டும் தீர்மானித்தன.

10. அப்போ எல்லாரும் சேர்ந்து புறக்கணிச்சா என்ன?

2017 மார்ச் 1 முதல் வெளிநாட்டுக் கோலா விற்க மாட்டோம் என்று தமிழ்நாட்டு வணிகர் சங்கங்கள் அறிவித்தன. ஜல்லிக்கட்டுப் போராட்டத்தின் சூடு ஆறாத நேரம், அதைவிட நல்ல நேரம் கிடைக்காது. இன்று உங்கள் தெருக்கடைக் குளிர்பெட்டியைத் திறந்து பாருங்கள்.

நீங்கள் ஒருவர் போகாமல் இருந்தால் கடைக்கு அது தெரியவே தெரியாது. போகாததற்குக் காரணம் என்ன என்று எந்தக் கணக்கிலும் ஏறாது. 4-வது பதிலில் வந்த கோழிக்கோடு பெண்களும், 9-வதில் வந்த திண்டுக்கல் சங்கமும் கடையைப் புறக்கணிக்கச் சொல்லவில்லை. குறிப்பாக ஒன்றைக் கேட்டார்கள், எழுத்தில் வாங்கினார்கள். உங்கள் மனசாட்சிக்காகப் போகாமல் இருக்கிறீர்கள் என்றால் தாராளமாக இருங்கள். மாற்றம் வரும் என்று எதிர்பார்த்து ஏமாற வேண்டாம்.

11. நஷ்டத்துக்கு வித்து பக்கத்துக் கடைய மூட வச்சா சட்டம் கேக்காதா?

கேட்கும், ஆனால் நம் போட்டிச் சட்டத்தில், சந்தையில் ஆதிக்க நிலையில் இருப்பவர் செய்தால்தான் அது குற்றம். ஒரு ஊரில் மூன்று பெரிய கடை இருந்தால் யாருக்கு ஆதிக்கம் என்று நிரூபிப்பதற்குள் அண்ணாச்சி கடையை விற்று ஊருக்குப் போயிருப்பார். ஜெர்மனியில் 2000-ல் போட்டி ஆணையம் வால்மார்ட், ஆல்டி, லிடில் என்ற மூன்று சங்கிலிக் கடைகளையும் பிடித்து, பால் போன்ற பொருட்களை வாங்கிய விலைக்கும் கீழே விற்காதீர்கள் என்று உத்தரவு போட்டது. 2006-ல் வால்மார்ட் ஜெர்மனியை விட்டே போனது, அதற்கு வேறு காரணங்களும் உண்டு.

12. எனக்கு மாசம் 15 ஆயிரம். இந்த நியாயமெல்லாம் எனக்குக் கட்டுப்படியாகுமா?

ஆகாது. நீங்கள் எங்கே மலிவோ அங்கே வாங்குங்கள், ஒரு நொடிகூட யோசிக்க வேண்டாம். அந்தக் கடையில் நிற்பவரும் உங்களைப் போலவே சம்பளம் வாங்குகிறவர்தான், அவரும் அங்கேதான் வாங்குகிறார். இந்தக் கேள்வி பதில், காரில் போய் ஆறாயிரத்துக்கு வாங்கிக்கொண்டு வருகிறவர்களுக்காக எழுதியது.

ஆனால் மலிவு என்றால் பெரிய கடை மட்டும்தான் என்று நினைத்துவிடாதீர்கள். ரேஷன் இருக்கிறது. 1999-ல் மதுரையில் ஆரம்பித்த உழவர் சந்தை பல ஊர்களில் இன்றும் நடக்கிறது, காலை எட்டு மணிக்குள் போக வேண்டும். சென்னையில் 1904-ல் தொடங்கிய திருவல்லிக்கேணி கூட்டுறவுச் சங்கம், கோவையில் சிந்தாமணி என்று கூட்டுறவுக் கடைகளும் உண்டு. சில கிளைகளில் சரக்கு வரத்து மந்தமாக இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன்.

13. அந்தக் கம்பெனி ஷேர் வச்சிருக்கேன். வீட்டம்மா அண்ணாச்சி கடைதான்னு நிக்கிறாங்க. யார் சரி?

டி-மார்ட் பங்கு 2017 மார்ச்சில் 299 ரூபாய்க்கு வெளியீடாகி, முதல் நாளே இரட்டிப்புக்கு மேல் போனது. அப்போது வாங்கியிருந்தால் உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, பொறாமைதான் வரும். எந்தக் கம்பெனியாக இருந்தாலும், பங்கு வைத்திருப்பவருக்கு வாடிக்கையாளரைவிட ஒரு உரிமை அதிகம்: ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கலாம். கூட்டம் இப்போது ஆன்லைனில் நடக்கிறது, முன்பதிவு செய்தால் போதும். ஊழியர்களில் எத்தனை பேர் ஒப்பந்தத் தொழிலாளர்கள் என்று கேளுங்கள். வீட்டம்மாவும் சரிதான்.

14. நீங்க எங்க வாங்குறீங்க?

அரிசி, மசாலா, அவசரத்துக்கு எல்லாம் தெருக்கடை. எண்ணெய், சோப்பு, பருப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பெரிய கடை. துணி தீபாவளிக்கு ஒருமுறை, கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னாலேயே, பகலில். கடை மூட ஐந்து நிமிடம் இருக்கும்போது நுழைந்து நாற்பது சேலையைப் பிரித்துப் போட்டுவிட்டு “நாளைக்கு வர்றோம்” என்று போகிறவர்களை மன்னிக்கிற மனசு எனக்கு இன்னும் வரவில்லை. அதை மடித்து அடுக்க முக்கால் மணி நேரம் ஆகும்.

15. ஸ்டூல் இல்லன்னு நான் கேட்டு, அந்தப் பொண்ணு வேலைக்கே உலை வச்சிட்டா?

வாய்ப்பு உண்டு. எனக்கே நடந்தது. ஒரு பாட்டி நல்ல மனசோடு ஆலோசனைப் புத்தகத்தில் என் பெயரைப் போட்டு, ‘பையன் மதியம் சாப்பிடவில்லை போலிருக்கிறது, பாவம்’ என்று எழுதிவிட்டுப் போனார். அன்று இரவு என்னைக் கூப்பிட்டு, கஸ்டமரிடம் என்ன சொன்னாய் என்று அரை மணி நேரம் கேட்டார்கள். ஒரு நாள் சம்பளம் போனது.

அதனால் எந்த ஊழியரின் பெயரையும் எழுதாதீர்கள், பேட்ஜைப் படம் எடுக்காதீர்கள், “நீங்க எத்தனை மணி நேரம் நிக்கிறீங்க?” என்று அவரிடமே கேட்காதீர்கள். கடையின் பெயர், கிளை, எந்த மாடி, எந்தத் தேதி, இருக்கை இல்லை என்பது மட்டும் போதும். தொழிலாளர் துறையில் உங்கள் பகுதி உதவி ஆய்வாளருக்கு ஒரு கடிதம், பிரிவு 22-அ என்று குறிப்பிட்டு. கடை நிர்வாகத்துக்கும் எழுதலாம், வீட்டுக்கு வந்த பிறகு, வாங்கிய அன்றே இல்லாமல் ஒரு வாரம் கழித்து. அங்கே இருக்கும்போது எதுவும் பேச வேண்டாம். பில் போடும் இடத்துக்கு மேலே கேமரா இருக்கும்.